தத்தெடுக்க வெளிநாடு போகிறோம்: முதல் சந்திப்பு எப்படி இருக்கும்?

கேள்வி: பிப்ரவரி 2, 2025

எங்களுக்கு நாலு வயதுப் பெண் குழந்தை ஒதுக்கப்பட்டிருக்கிறது. கோப்பு வந்துவிட்டது, சம்மதமும் சொல்லிவிட்டோம். பயணத் தேதிக்குத்தான் காத்திருக்கிறோம். இணையத்தில் பார்க்கிற வீடியோக்களில் குழந்தை ஓடி வந்து கட்டிக்கொள்கிறது, சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நிஜத்திலும் அப்படித்தானா? மனைவிக்கு நீண்ட விடுப்பு கிடைக்காது போலிருக்கிறது. நான் மட்டும் முன்னால் போய்ப் பழகிக்கொண்டால் ஒரு வாரத்தில் ஒட்டிக்கொள்ளாதா?

பிப்ரவரி 2, இரவு

ஒட்டிக்கொள்ளாது. ஒட்டிக்கொண்டால் அப்போதுதான் கவலைப்பட வேண்டும். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

விடுப்பு விஷயம் அவசரம் என்பதால் அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கணவன் மனைவி இருவரும் நேரில் வந்தாக வேண்டும் என்று சில நாடுகளில் விதியே இருக்கிறது. விதி இல்லாத நாடாக இருந்தாலும் இருவரும் போங்கள். சம்பளம் இல்லாத விடுப்பானாலும் பரவாயில்லை. காப்பகத்தில் வளர்ந்த குழந்தை ஆண்களோடு பழகியிருக்க வாய்ப்பு குறைவு. ஆயாக்கள் அத்தனை பேரும் பெண்கள். நீங்கள் தனியாகப் போய் நின்றால், அது பார்த்துப் பழகாத ஒரு வகை ஆளாகத்தான் உங்களைப் பார்க்கும்.

பிப்ரவரி 3

நாங்கள் வெளிநாட்டிலிருந்து தத்தெடுத்த எங்கள் மகளை முதலில் பார்த்த நாளைச் சொல்கிறேன். நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அது அவளுடைய கதை, வேண்டுமென்றால் வளர்ந்த பிறகு அவளே சொல்லிக்கொள்வாள்.

அரசு அலுவலகத்தில் ஓர் அறை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் ஒரு மேஜை. ஆயாவின் இடுப்பில் உட்கார்ந்தபடி வந்தாள். நாலு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துத் தூக்கி வருகிறார்களே என்று நினைத்தேன். அன்றைக்கு வாகனத்தில் வெகுதூரம் வந்ததில் வழி நெடுக வாந்தி எடுத்திருக்கிறாள். இறக்கிவிட்டதும் என்னைப் பார்த்தாள், என் தாடியைப் பார்த்தாள், மேஜைக்கு அடியில் போய்விட்டாள். அதற்கப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு செருப்புகள்தான். வலது செருப்பின் வார் அறுந்து, அதை ஊக்கு போட்டுச் சேர்த்திருந்தார்கள். அந்த ஊக்கு அவள் காலில் குத்திவிடுமோ என்பது மட்டுமே அப்போது என் மனதில் ஓடியது.

மனைவி தரையில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து மேஜைக்கு அடியில் தள்ளினாள். ஒரு கை நீண்டது, ஒரு பிஸ்கட் மறைந்தது. இன்னொன்று. இன்னொன்று. பொட்டலம் காலியான பிறகும் மெல்லும் சத்தமே கேட்கவில்லை. அத்தனையையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

வீடியோ எடுத்தோமா என்று கேட்பீர்கள். எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் மேஜைக் கால்தான் தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 5

முதல் நாள் இரவு பாதியில் விட்டதை முடிக்கிறேன். ஓடி வந்து கட்டிக்கொள்கிற குழந்தை ஏன் கவலைக்குரியது?

ஓட்டலில் இரண்டாம் நாள். மனைவியிடம் கொஞ்சம் ஒண்டிக்கொண்டாள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலை அறையைச் சுத்தம் செய்ய ஒரு பெண்மணி வந்தார். மகள் நேராகப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கூட்டிப் போயிருந்தால் அவரோடேயே போயிருப்பாள்.

ஆள் மாறிக்கொண்டே இருக்கிற இடத்தில் வளர்கிற குழந்தை, யார் கை கிடைக்கிறதோ அதைப் பற்றிக்கொள்ளப் பழகிவிடுகிறது. அது அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் மேல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ருமேனியாவில் 2000-ம் ஆண்டு தொடங்கி, புக்கரெஸ்ட் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகிய மூவரும் நடத்தியது. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, மீதிப் பேரோடு ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் பல விதங்களில் தேறினார்கள், இரண்டு வயதுக்கு முன்னால் போனவர்கள் கூடுதலாக. ஆனால் முன்பின் தெரியாதவர்களிடம் தயங்காமல் போகிற பழக்கம் மட்டும் சுலபத்தில் விடுவதில்லை. ஆகவே உங்கள் மகள் உங்களைப் பார்த்துப் பயந்து, ஆயாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினால் மனதுக்குள் சந்தோஷப்படுங்கள். ஒருவரிடம் ஒட்டத் தெரிந்த குழந்தை இன்னொருவரிடமும் ஒட்டும்.

பிப்ரவரி 6

குழந்தைக்கு முன்கூட்டியே நம் படங்களை ஆல்பமாக அனுப்புவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அனுப்புங்கள். உங்கள் இருவர் முகம், வீட்டு வாசல், அவள் தூங்கப்போகும் கட்டில். பத்துப் படம் போதும். எங்கள் ஆல்பத்தில் உறவினர் வீட்டில் எடுத்த படம் ஒன்றும் போனது, அதன் மூலையில் அவர்கள் நாய் படுத்திருந்தது. மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்ததும் அவள் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்ட முதல் கேள்வி, “நாய் எங்கே?”

இன்றுவரை அந்த நாய் வாடகைக்கு வந்து போகிறது.

பிப்ரவரி 11

ஆயாக்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு என்னிடம் பட்டியல் இல்லை. கோப்பில் இல்லாததை எல்லாம் கேளுங்கள். எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவாள், இருட்டு பயமா, யார் அவளுடைய கூட்டாளி, கோபம் வந்தால் என்ன செய்வாள், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் எப்படிச் சொல்வாள். எங்களுக்குக் கிடைத்தது கால் மணி நேரம் இருக்கும். அதிகாரிகள் கையெழுத்து வாங்குவதில் மும்முரமாக இருந்தார்கள். மனைவி அந்த ஆயாவை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போய் மொழிபெயர்ப்பாளரை நடுவில் நிறுத்திக் கேட்டாள். தலையில் எண்ணெய் வைத்தால் தூங்கிவிடுவாள் என்று அந்த அம்மாள் சொன்னதைக் கொண்டுதான் முதல் மாதத்தை ஓட்டினோம்.

அப்புறம், அவள் உடுத்தி வருகிற துணியைத் துவைக்காதீர்கள். எவ்வளவு அழுக்காக இருந்தாலும் சரி. அவளுக்குத் தெரிந்த வாசனை அது ஒன்றுதான். புதுச் சட்டை வாங்கிப்போகிறவர்கள் எல்லோரும் முதல் வேலையாகக் குளிப்பாட்டி மாற்றிவிடுகிறார்கள். குளியல் தொட்டியை அதுவரை பார்த்தே இராத குழந்தைக்கு அது எப்படி இருக்கும்?

காப்பகத்துக்கு உள்ளே போக அனுமதி கிடைத்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டில், வாசல் கேட், சமையலறை, மரம் எதுவாக இருந்தாலும். மற்றக் குழந்தைகள் முகம் விழாமல். பத்து வருடம் கழித்து அவள் கேட்பாள்.

பிப்ரவரி 12

“நாதியற்ற பிள்ளைக்கு வீடு கிடைக்கிறது, அதற்கு ஏன் அழ வேண்டும், நன்றியோடு இருக்கும்” என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, ஒரு நாள் காலையில் உங்களை எழுப்பி, மொழி தெரியாத இரண்டு பேரிடம் ஒப்படைத்து, “இனிமேல் இவர்கள்தான் உன் வீட்டார், நன்றியோடு இரு” என்று சொன்னால் சிரித்துக்கொண்டு போவீர்களா?

என் மகள் அழுதது இரவில். சத்தமே வராது. முதல் இரவு அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து விளக்கை அணைக்கப் போனேன். கண் திறந்திருந்தது, காது வரை ஈரம். சத்தம் போட்டால் யாரும் வர மாட்டார்கள் என்று எப்போதோ தெரிந்துகொண்ட குழந்தை. பிறகு ஒரு நாள் நடுராத்திரியில் வீடே அதிர வீறிட்டாள். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்து அசடு வழியச் சிரித்தோம். பக்கத்து வீட்டார் என்ன நினைத்தார்களோ.

பிப்ரவரி 20

காகிதங்கள். சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், முடியாது என்று தெரியும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1993 மே 29-ல் உருவான ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கை, 1995 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குழந்தையின் நாடும் உங்கள் நாடும் இரண்டுமே அதில் சேர்ந்திருந்தால் ஒரு வழி, சேராவிட்டால் வேறு வழி. சேர்ந்த நாடுகளில் ஒவ்வொன்றுக்கும் தத்தெடுப்பைக் கவனிக்கிற ஒரு மைய அதிகார அமைப்பு உண்டு, இந்தியாவுக்கு ‘காரா’ மாதிரி. குழந்தைக்குச் சொந்த நாட்டிலேயே குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்த்தாக வேண்டும். பெற்றவர்களின் சம்மதம் காசுக்காகவோ மிரட்டியோ வாங்கியதாக இருக்கக் கூடாது. தாயின் சம்மதம் குழந்தை பிறந்த பிறகே வாங்கப்பட்டிருக்க வேண்டும். இதெல்லாம் 4-ம் பிரிவு. இரு நாட்டு அதிகாரங்களும் சரி என்று சொன்ன பிறகே குழந்தையை உங்களிடம் ஒப்படைக்கலாம் என்பது 17. எல்லாம் முடிந்ததும் வருகிற 23-ம் பிரிவுச் சான்றிதழ்தான் உங்கள் கையில் இருக்க வேண்டிய தங்கம். அது இருந்தால் மற்ற உறுப்பு நாடுகள் அந்தத் தத்தெடுப்பை ஏற்றாக வேண்டும். மூலச் சான்றிதழைப் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். பெட்டி தொலையும்.

ஹோம் ஸ்டடி அறிக்கை (உங்கள் வீட்டையும் குடும்பத்தையும் பார்த்து எழுதுவது), போலீஸ் சான்று, மருத்துவச் சான்று ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதி இருக்கும். ஒன்று புதுப்பித்து வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். பயணத் தேதி தள்ளிப்போகும் என்று வைத்துக்கொண்டு, ஆறு மாதம் முன்னாலேயே கணக்குப் போடுங்கள்.

பிப்ரவரி 21

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 23-ம் பிரிவுச் சான்றிதழ் இருந்தால் போதும், வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம் என்று ஒருவர் புரிந்துகொண்டிருக்கிறார். இல்லை. தத்தெடுப்பை ஏற்பது வேறு, நாட்டுக்குள் விடுவது வேறு. குழந்தைக்கு அந்த நாட்டுப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், உங்கள் நாட்டுத் தூதரகத்தில் விசா வாங்க வேண்டும். நாங்கள் அதிகமாகக் காத்திருந்தது இங்கேதான். புதுப் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி விழுந்துவிட்டது. கவுண்டரில் வாங்கினவுடன் அங்கேயே நின்று ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். பின்னால் நிற்கிறவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

மார்ச் 9

ஓட்டல் அறை வாழ்க்கையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கோர்ட் தேதிக்கும் விசாவுக்கும் நடுவில் ஒரே அறையில் மூன்று பேர். ஊர் சுற்றிக் காட்டலாம் என்று நினைக்காதீர்கள். எதையெல்லாம் சிறுசாக வைக்க முடியுமோ வையுங்கள். ஒரே அறை, ஒரே பூங்கா, ஒரே நேரத்துக்குச் சாப்பாடு. உறவினர்கள் கூட வருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், மனஸ்தாபம் வந்தாலும்.

சாப்பாட்டை அவள் ஒளித்துவைப்பாள். தலையணை உறைக்குள் ரொட்டி, ஷூவுக்குள் பாதி வாழைப்பழம். திட்டக் கூடாது. ஒரு சின்ன டப்பாவில் எப்போதும் ஏதாவது போட்டு அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள், காலியாக விடாதீர்கள். டப்பா நிறைந்தே இருக்கிறது என்று நம்பிக்கை வந்தால் தானாக நிற்கும். எங்கள் வீட்டில் டப்பா இன்னும் இருக்கிறது. இப்போது அதிலிருந்து எடுத்துத் தின்பது பெரும்பாலும் நான்.

என்னை ஏற்றுக்கொண்டாளா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அந்த அறையில் இருந்தவரை இல்லை. நான் பாத்ரூமுக்குள் போனால்தான் விளையாடுவாள். அதனால் பாதி நாள் பாத்ரூமில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். மனைவிக்குக் களைப்பு, எனக்குப் பொறாமை, இருவருக்கும் சண்டை. இதுவும் வீடியோவில் வராது.

மார்ச் 27

தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் நேற்று வெளியிட்டதைப் படித்திருப்பீர்கள். பெற்றோர் உயிரோடு இருந்த குழந்தைகளை நாதியற்றவர்கள் என்று பதிவு செய்ததும், ஆவணங்களைத் திரித்து வெளிநாட்டுக்கு அனுப்பியதும் நடந்திருக்கிறது, அதற்கு அரசும் பொறுப்பு என்கிறது ஆணையம். 1950-கள் தொடங்கி அங்கிருந்து போன குழந்தைகள் 1,40,000-க்கும் மேல்.

இது கொரியாவோடு நிற்கிற கதை இல்லை. குவாத்தமாலாவிலிருந்து அமெரிக்காவுக்கு மட்டும் ஒரே ஆண்டில் 4,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் போன காலம் உண்டு. திருட்டும் போலிக் கையெழுத்தும் வெளியே வந்து, 2008-ல் நின்றது. 2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு 33 குழந்தைகளோடு எல்லையைத் தாண்டப் பார்த்த பத்து அமெரிக்கர்கள் கைதானார்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பெற்றோர் இருந்தார்கள். எத்தியோப்பியா 2018-ல் கதவை மூடியது. நெதர்லாந்து 2021-ல் நிறுத்திவைத்தது. 1,60,000-க்கும் மேல் குழந்தைகளை அனுப்பிய சீனா, நெருங்கிய உறவினர் விஷயம் தவிர மற்றதை 2024 செப்டம்பரில் முடித்துக்கொண்டது. அமெரிக்காவுக்கு 2004-ல் கிட்டத்தட்ட 23,000 குழந்தைகள் வந்தார்கள், 2023-ல் 1,300-க்கும் குறைவு.

இதைப் படித்த இரவு மகளின் கோப்பை மறுபடி எடுத்தேன். ‘தாய்: விவரம் தெரியவில்லை’ என்று இருக்கிற அந்த வரியை முன்பு கடந்து போயிருக்கிறேன். யாருக்குத் தெரியவில்லை? தேடினார்களா? எங்களைப் போலவே நிறையப் பேர் அந்த வரியை ஒரு நிம்மதியோடு படித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நிம்மதிப்பட அதில் ஒன்றும் இல்லை.

மார்ச் 30

“இப்படிப் பயமுறுத்தினால் யார் தத்தெடுப்பார்கள்?” என்று ஒருவர் கேட்கிறார். பயமுறுத்தவில்லை. கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்கிறேன். குழந்தை எப்படி, எந்தத் தேதியில் காப்பகத்துக்கு வந்தது? யார் கொண்டுவந்தார்கள்? உள்நாட்டில் குடும்பம் தேடியதற்குப் பதிவு உண்டா? கையில் ரொக்கமாக ‘நன்கொடை’ கொடுங்கள் என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள், ரசீது கேளுங்கள். தயங்கினால் அதுவே பதில். அனுமதி வருவதற்கு முன்னால் பெற்ற தாயைச் சந்திக்க வைக்கிறேன் என்று ஒரு தரகர் சொன்னால், அது நல்லெண்ணம் மாதிரித் தெரியும். உறவுக்குள் நடக்கிற தத்தெடுப்பு போன்ற விலக்குகள் தவிர 29-ம் பிரிவு அதைத் தடுக்கிறது, தாயை யாரும் வளைக்கக் கூடாது என்பதற்காக. பிறப்பின் விவரங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று 30-ம் பிரிவு சொல்கிறது. கோப்பின் நகல் முழுவதையும் அங்கே இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். அட்டைப் பக்கம், பின்பக்கக் கிறுக்கல், முத்திரை எல்லாம்.

பிப்ரவரி 12-ல் ஒருவரைக் கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 14

விமானம். காதடைப்புக்குச் சப்ப ஏதாவது. மாற்றுத் துணி உங்களுக்கும் சேர்த்து. வாந்தி அவள் மேல்தான் படும் என்று யார் சொன்னது? இடையில் இறங்குகிற நாட்டில் குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா வேண்டுமா என்று பாருங்கள். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு வேண்டியிராது, அவளுடையதற்கு வேண்டியிருக்கலாம். இதை நாங்கள் விமான நிலையக் கவுண்டரில்தான் கேள்விப்பட்டோம். நல்லவேளை, வேண்டியிருக்கவில்லை.

வழியில் விமானப் பணிப்பெண்கள் தூக்கிக் கொஞ்ச வருவார்கள். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். முதல் சில மாதம் ஊட்டுவது, தூக்குவது, குளிப்பாட்டுவது எல்லாம் நீங்கள் இருவர் மட்டும். தாத்தா பாட்டிக்குக் கோபம் வரும். வரட்டும், தணியும்.

மே 18

கேள்வி கேட்டவர் குழந்தையோடு வீடு வந்து சேர்ந்துவிட்டார்! இருவரும் போயிருக்கிறார்கள். மனைவி வேலையை விட்டாரா, விடுப்பு கிடைத்ததா என்று எழுதவில்லை. குழந்தை ஆயாவின் புடவையை விடாமல் அழுததாம். கேள்வி கேட்டவரும் அழுதாராம். “நீங்கள் சொன்னபடி சந்தோஷப்பட முயன்றேன், முடியவில்லை” என்று எழுதியிருக்கிறார். சரிதான், எழுதுவது எனக்குச் சுலபம்.

இப்போது செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று மருத்துவர். அங்கே எடுத்த பரிசோதனைகளை நம்பி இருந்துவிடாதீர்கள். ஹெபடைடிஸ் பி, எச்ஐவி, சிஃபிலிஸ், காசநோய், ரத்தத்தில் ஈயம், குடல் புழு எல்லாம் புதிதாகப் பாருங்கள். சிலவற்றை ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள், அலட்சியமாக இருக்காதீர்கள். தடுப்பூசி அட்டையில் எழுதியிருப்பது நிஜமாகப் போடப்பட்டதா என்பதை ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்தே சொல்லலாம். உயரம் குறைவாக இருந்தால் பதற வேண்டாம், காப்பகத்தில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு மாத வளர்ச்சி பின்தங்குவது தெரிந்த விஷயம். வீட்டுச் சாப்பாட்டில் எட்டிப் பிடிப்பார்கள். தலைச் சுற்றளவை மட்டும் தவறாமல் குறித்துவாருங்கள்.

இரண்டாவது குடியுரிமை. விசாவில் வந்துவிட்டாள், எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி பல குழந்தைகளுக்குத் தானாகவே குடியுரிமை வருகிறது. அன்றைக்கு 18 வயது தாண்டியிருந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. கைக்குழந்தையாக வந்து, அங்கேயே வளர்ந்து, நடுவயதில் நாடு கடத்தப்பட்டவர்கள் உண்டு. வளர்த்தவர்கள் ஒரு விண்ணப்பத்தைப் போடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். எந்த நாட்டில் இருந்தாலும் குடியுரிமைச் சான்று கையில் வரும்வரை ஓயாதீர்கள். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று அவள் நாடு கேட்கிற தொடர் அறிக்கைகளையும் தேதி தவறாமல் அனுப்புங்கள். அவை வராமல் போனதைக் காரணமாகச் சொல்லி அடுத்து வருகிறவர்களுக்குக் கதவைச் சாத்துவார்கள்.

ஜூன் 7

குழந்தைக்குப் பல் விழ ஆரம்பித்துவிட்டது, கோப்பில் நாலு வயது என்று இருக்கிறது, என்ன செய்வது என்கிறார் கேள்வி கேட்டவர். பிறந்த தேதி தெரியாத குழந்தைக்கு மருத்துவர் பார்த்து உத்தேசமாக ஒரு தேதி போடுவது வழக்கம். ஐந்தரை ஆறு வயதாக இருக்கலாம், முந்தி விழுகிற பல்லாகவும் இருக்கலாம். உடனே தேதியை மாற்ற மனுப் போடாதீர்கள். பல் எக்ஸ்ரேயும் மணிக்கட்டு எக்ஸ்ரேயும் சொல்கிற வயது ஒரு வருடம் இப்படி, ஒரு வருடம் அப்படி போகும். சத்துக்குறைவு இருந்த எலும்பு இன்னும் குழப்பும். குறைந்தது ஒரு வருடம் நன்றாகச் சாப்பிட்டு வளரட்டும். அதற்குப் பிறகு மருத்துவர், ஆசிரியர் இருவரையும் கேட்டு முடிவெடுங்கள். அதுவரை பள்ளியில் வயதை வைத்து மேல் வகுப்பில் தள்ள விடாதீர்கள். மொழியே புதிது, கீழ் வகுப்பில் இருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. வெளிநாட்டிலிருந்து தத்து வந்த பெண் குழந்தைகளில் சிலர் சீக்கிரமே பூப்படைவதும் உண்டு. வயதுக் கணக்கு அப்போது மறுபடி தேவைப்படும் என்பதால் எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.